மொறிஸ் மைனரும் எழுபது ஆண்டு வயர்களும்

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் முடிவில் உள்ள மோட்டார் கராஜ் ஒன்றில் அண்மையில் சில பிற்பகல்களைக் கழிக்க நேர்ந்தது. வாகனங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். பத்திரிகை அலுவலகங்களில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் பஸ்ஸும் முச்சக்கரவண்டியுமே எனக்குப் போதுமாக இருந்தன. ரொறன்ரோவில் வாழும் பால்ய நண்பர் ஒருவரின் மின்னஞ்சலே என்னை அங்கு அழைத்துச் சென்றது. அவருடைய தந்தையார் 1955இல் வாங்கிய மொறிஸ் மைனர் கார் இன்னும் வெள்ளவத்தையில் இருக்கிறது. நண்பரின் தங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை, அதை ஓட்டி வருகிறார். ஒருநாள் மாலை காலி வீதியில் வாகன நெரிசலில் நின்றபோது டாஷ்போர்டுக்குக் கீழே இருந்து புகை கிளம்பியிருக்கிறது. அருகில் நின்ற முச்சக்கரவண்டிச் சாரதி ஓடிவந்து பற்றறியின் வயரைக் கழற்றியதால் காரும் பிழைத்தது, அவரும் பிழைத்தார்.

நண்பரின் வேண்டுகோள் தெளிவாக இருந்தது. காரின் வயரிங் முழுவதையும், இக்னிஷனையும் அப்பா வாங்கியபோது இருந்தபடியே புதிதாக்கித் தர வேண்டும், செலவு பொருட்டல்ல என்று எழுதியிருந்தார். தங்கையின் நிலைப்பாடு வேறு. "அண்ணாவுக்கு அது அப்பாட கார். நான்தானே அதுக்குள்ள இருந்து புகையைக் கண்டனான்" என்றார். இருவருக்கும் நடுவில் நான் அகப்பட்டேன்.

கராஜின் உரிமையாளர் சிங்களவர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவருக்குச் சரளம். எல்லோரும் அவரை 'பாஸ்' என்கிறார்கள். கைவினைத் தொழிலாளியைக் குறிக்கும் இந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவருடைய தந்தையாரும் இதே கராஜில் பாஸாக இருந்தவர். காரிலிருந்து கழற்றிய வயர்க்கட்டை அவர் நீண்ட மேசையொன்றின் மீது கிடத்தியிருந்தார். தடிமனான பாம்புச் சட்டை போல அது கிடந்தது. "ஐயா, இதில எதை நீங்க ஒரிஜினல் எண்டு சொல்றீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதல் அடுக்கு: பருத்தி நூல்

மேசையில் கிடந்த வயர்களில் மிகப் பழையவை இறப்பர் பூசி அதன்மேல் பருத்தி நூலால் பின்னப்பட்டவை. பேர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம் பிரித்தானியக் கார்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வர்ண ஒழுங்கில் வயர் இட்டது. பற்றறியிலிருந்து வரும் பிரதான வயர் மண்ணிறம். இக்னிஷனுக்குச் செல்வது வெள்ளை. ஹெட்லைற்றுக்கு நீலம், பக்க விளக்குகளுக்கும் பின் விளக்குகளுக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் எல்லாமே ஒரே அழுக்கு நிறம். பாஸ் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தபோதுதான் வெள்ளையும் நீலமும் மெல்லத் தெரிந்தன.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் படைப்பு. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தன. நண்பரின் தந்தையார் வாங்கியது 803 சீசீ இஞ்சின் கொண்டது. திரும்பும் திசையைக் காட்ட மின்னும் விளக்கு அதில் இல்லை. கதவருகே உள்ள தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீளும். அதற்குள் ஒரு பல்பு எரியும்.

அந்தக் காரின் நெருப்பு எப்படிப் பிறந்தது என்பதை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பற்றறி தருவது 12 வோல்ற். பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு ஆயிரக்கணக்கான வோல்ற் தேவை. கொயிலின் முதற்சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால் இரண்டாம் சுற்றில் அந்த உயர் மின்னழுத்தம் எழும். அப்படி அறுக்கும் வேலையைச் செய்வது 'பொயின்ற்' எனப்படும் சிறு உலோக முனைகள். அவை திறக்கும்போது அவற்றுக்கிடையிலேயே பொறி பறந்து உலோகம் கருகாமல் காப்பது கொண்டென்சர். எழுந்த மின்னழுத்தத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி பங்கிடுவது, டிஸ்ரிபியூட்டருக்குள் சுழலும் 'றோட்டர்' என்ற விரலளவுத் துண்டு. அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங் உருவாக்கி 1910இல் கடிலாக் கார்களில் புகுத்திய இந்த முறை அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகை ஆண்டது. நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை சுழலும் நான்கு சிலிண்டர் இஞ்சினில் பொயின்ற் ஒவ்வொரு செக்கனும் நூறு தடவை திறந்து மூடுகிறது. முனைகள் தேய்கின்றன, கருகுகின்றன. அவற்றுக்கிடையிலான இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அது சற்றே மாறினாலும் கார் இருமத் தொடங்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அக்காலப் பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டது. இதைப் 'பொசிட்டிவ் எர்த்' என்பர். உலோக அரிப்புக் குறையும், பிளக்கில் பொறி எளிதாகப் பாயும் என்று பொறியியலாளர்கள் கருதினர். பின்னர் வந்த இலத்திரனியற் சாதனங்கள் எதிர்முனை எர்த்தையே எதிர்பார்த்தன. 1960களின் இறுதியில் பிரித்தானியரும் மாறினர். இன்று கடையில் வாங்கும் எந்தக் கார் வானொலியையும் இந்த மைனரில் யோசியாமல் பூட்டினால் அது கருகிப்போகும்.

புகை வந்ததற்கான முதற்காரணத்தையும் இந்த அடுக்கிலேயே பாஸ் காட்டினார். முழுக் காருக்கும் இரண்டே பியூஸ்கள். ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்கே அவை காவல். ஹெட்லைற்றுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே இல்லை. இரவில் ஒரு பியூஸ் எரிந்து விளக்குகள் அணைந்தாலோ, ஓடும்போது இஞ்சின் நின்றாலோ ஆபத்து என்பது அக்காலத் தர்க்கம். வயர் புதிதாக இருக்கும்வரை அந்தத் தர்க்கம் சரி. இறப்பர் காய்ந்து உதிரத் தொடங்கிய பின்னர், பற்றறியின் முழு வலுவும் தடையின்றி ஓர் உலோக விளிம்பில் பாயக்கூடும். பிரித்தானியக் கார் அபிமானிகள் லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வதுண்டு. வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து வீசும் உப்புக் காற்றில் எழுபது ஆண்டு தாங்கிய வயரைப் பார்த்தபோது அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு ஏற்படவில்லை.

இரண்டாம் அடுக்கு: வீட்டு வயர்

பருத்தி வயர்களின் நடுநடுவே சிவப்பும் கறுப்புமாக வேறொரு வகை வயர் துணிநாடா சுற்றி இணைக்கப்பட்டிருந்தது. அது மோட்டார் வயரே அல்ல. வீட்டுச் சுவரில் ஓட்டும் மின்கம்பி. அதற்குள் இருப்பது ஒற்றைத் தடித்த செப்புக் கம்பி. நிற்கும் சுவரில் அது நூறாண்டு இருக்கும். அதிரும் காரில் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். இது பாஸின் தந்தையாருக்குத் தெரியாததல்ல. அன்று வேறு வயர் கிடைக்கவில்லை.

1950களின் இறுதியில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரையத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. மோட்டார் கார் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இருந்தது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கதவு மேலும் இறுகியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. காருக்கு உதிரிப்பாகம் என்பது கனவு.

தமிழக வாசகர்கள் இவ்விடத்தில் ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாம். இந்தியாவும் அதே காலத்தில் கதவை மூடியிருந்தது. ஆனால் அங்கே உள்ளே தொழிற்சாலைகள் எழுந்தன. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் அச்சு அம்பாசடராக வங்காளத்தில் 2014 வரை வார்க்கப்பட்டது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ், டைனமோவையும் டிஸ்ரிபியூட்டரையும் உள்ளூரிலேயே செய்தது. இந்திய மெக்கானிக்குக்குப் புதிய பாகம் கிடைத்தது. இலங்கையில் அத்தகைய தொழிற்சாலை இல்லாத நிலையில் இருந்ததைத் திருத்துவதே ஒரே வழியாயிற்று. தேய்ந்த பொயின்ற்றின் முனையை அரத்தால் தேய்த்து மீண்டும் பூட்டினார்கள். டைனமோவின் செப்புக் கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதிச் சந்தியைக் கடந்து சென்றால் வரும் பஞ்சிகாவத்தை, இறந்த வாகனங்களின் உறுப்புகளை வாழும் வாகனங்களுக்கு மாற்றும் சந்தையாக வேரூன்றியது இந்தத் தேவையினால்தான்.

1955இல் வாங்கிய கார் தொழிற்சாலை வயரோடு எத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கும்? பத்து ஆண்டுகள் என்று பாஸ் கணக்கிட்டார். மிகுதி அறுபது ஆண்டுகளும் அது இந்த நாட்டின் வயரோடு ஓடியது.

இலக்கத் தகட்டு விளக்குக்குச் செல்லும் வயர் ஒன்றும் அந்தக் கட்டில் இருந்தது. அதன் வெளிச்சத்தில் தெரியும் தகட்டுக்கும் ஒரு கதை உண்டு. 'சிலோன்' என்ற நாட்டுப் பெயரின் ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்து அக்காலத்தில் பதிவிலக்கம் வழங்கினார்கள். அதற்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டபோது 1957-58இல் தமிழர் பகுதிகளில் எதிர்ப்பு மூண்டது. தகடுகளில் தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் அழிக்கப்பட்டன. 1958 ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் கலவரம். இந்தக் கார் அந்த எழுத்துக்கு முந்தியது. அதன் தகட்டில் 'ஸ்ரீ' இல்லை.

றோட்டரும் சட்டைப் பையும்

நண்பரின் தந்தையாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காரை எங்கே விட்டாலும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து றோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாமல் திறப்புப் போட்டாலும் கார் கிளம்பாது. அக்காலத்தில் பலர் கையாண்ட எளிய திருட்டுத் தடுப்பு முறை அது.

1983 யூலை மாதத்தில் கார் வேலைக்காகக் கொட்டாஞ்சேனையில் பாஸின் தந்தையாரிடம் விடப்பட்டிருந்தது. சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, கராஜ் பையன்கள் காரைச் சுற்றுலா கொண்டு போகக் கூடாது என்று வழமைபோல் றோட்டரைக் கழற்றிச் சென்றிருக்கிறார். திங்கட்கிழமை எடுப்பதாக ஏற்பாடு. அந்தத் திங்கட்கிழமை யூலை 25. வெள்ளவத்தையில் அன்று நடந்தவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. தெருவில் மறிக்கப்பட்ட வாகனங்களிலிருந்து எடுத்த பெற்றோலே அந்த வாகனங்களையும் வீடுகளையும் எரிக்கப் பயன்பட்டது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். குடும்பம் அயலவரின் உதவியால் தப்பி, இரத்மலானை விமான நிலைய முகாமை அடைந்து, பின்னர் கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தது. நண்பரின் தந்தையார் உடுத்த உடையோடு போனவர். சட்டைப் பையில் றோட்டர் இருந்தது.

கராஜில் பாஸின் தந்தையார் செய்தது இது: மைனரின் நான்கு சில்லுகளையும் கதவுகளையும் கழற்றி, பழைய லொறிப் பாகங்களுக்குப் பின்னால் தள்ளி, தார்ப்பாயால் மூடினார். பார்ப்பவருக்கு அது பழைய இரும்பு. அதன் பின்னர் பல ஆண்டுகளாகப் பலர் விலை கேட்டும் விற்கவில்லை. றோட்டர் பஞ்சிகாவத்தையில் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும் பொருள்தான். ஆனாலும், "றோட்டர் உரிமையாளரிடம் இருக்கிறது, அவர் வரட்டும்" என்பதே அவருடைய பதிலாக இருந்தது என மகன் கூறினார்.

மண்ணெண்ணெயில் ஓடிய இஞ்சின்கள்

உரிமையாளர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1990 யூனில் போர் மீண்டும் வெடித்ததும் வடக்குக்குப் பெற்றோல், பற்றறி உள்ளிட்ட எண்ணற்ற பொருள்களுக்கு அரசு தடை விதித்தது. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது.

அந்த ஆண்டுகளில் குடாநாட்டில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மைனர், ஒஸ்ரின், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற முதியவையே. அவை ஓடியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இஞ்சினில் பற்றவே பற்றாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிரித்தானியாவில் பெர்குசன் உழவு இயந்திரங்கள் இதே முறையில் மலிந்த எண்ணெயில் ஓடியதுண்டு. அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்துக் கார்கள் அப்படிச் செய்யப்பட்டவையல்ல. ஆனால் 803 சீசீ மைனரின் அமுக்க விகிதம் 7.2 அளவே என்பதால் அது தாக்குப்பிடித்தது. மண்ணெண்ணெய் அகாலத்தில் வெடித்து இஞ்சினை இடிக்கும். அதைத் தவிர்க்க, டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்திச் சற்றே திருப்பி, தீப்பொறியைத் தாமதப்படுத்துவார்கள். பிளக்குகள் கரி படிந்து அடிக்கடி கண்மூடும். கழற்றித் துலக்கிப் பூட்ட வேண்டும். பற்றறி செத்த கார்களைத் தள்ளியும் கைப்பிடியால் சுற்றியும் உயிர்ப்பித்தார்கள்.

இவை அனைத்தும் சாத்தியமானது அந்தப் பழைய இக்னிஷன் முறையினால்தான். கெற்றறிங்கின் பொயின்ற்றை ஓர் அரத்துண்டாலும் கண் அளவாலும் சீராக்கலாம். இலத்திரனியற் பெட்டியொன்று பழுதானால் பெட்டியை மாற்றுவது தவிர வழியில்லை. தடையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய பெட்டி எங்கிருந்து வந்திருக்கும்?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது நண்பரின் குடும்பமும் நடந்தது. அடுத்த ஆண்டு கொழும்பு திரும்பிய தந்தையார் வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு பிடித்தார். பின்னர் ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனார். றோட்டரை எடுத்துப் பாஸின் தந்தையாரிடம் கொடுத்தார். கூடவே ஒரு சிறு தகரப் பெட்டியும் இருந்தது. அதற்குள் பழைய பொயின்ற் இரண்டு சோடி, ஒரு கொண்டென்சர், மடித்த அரத்தாள். யாழ்ப்பாணத்தில் கற்ற பாடத்தின் சாரம் அந்தப் பெட்டியில் இருந்தது.

மூன்றாம் அடுக்கு: ஜப்பானிய பிளாஸ்டிக்

வயர்க்கட்டின் மூன்றாம் அடுக்கு பளபளப்பான பிளாஸ்டிக் வயர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியப் பாவித்த வாகனங்கள் இலங்கைத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. அவற்றின் உறுப்புகள் பஞ்சிகாவத்தையில் குவிந்தன. நீளும் கைகளுக்குப் பதிலாக மின்னும் விளக்குகள் பூட்டப்பட்டன. பல மைனர்கள் டட்சன் சனி இஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பெற்றுப் புதுப்பிறவி எடுத்தன. இதைத் தூய்மை கெட்டதாகக் கருதுவோருக்கு ஒரு வரலாற்றுச் செய்தி: டட்சன் கார்களைச் செய்த நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, ஏழு ஆண்டுகள் ஒஸ்ரின் கார்களை ஜப்பானில் தயாரித்தது. தன் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியை அங்கேதான் பயின்றது. மைனரில் நிசான் இஞ்சின் பூட்டியபோது குருவின் வீட்டுக்கு மாணவன் திரும்பி வந்தான் என்றே சொல்ல வேண்டும்.

வேறொரு திரும்புதலும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர், ஒரு காரைத் தலைமுறைகளுக்குப் பேணுவதே சிக்கனம் என்று வாதிட்டவர். 1990களில் அவருடைய பங்களிப்போடு இலங்கையின் தெற்கில் மைனர் உடற்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை இயங்கியது. காரைச் செய்த நாட்டுக்கு, காரை விடாது காப்பாற்றிய நாடு பாகம் அனுப்பியது.

பழுதின் மையத்தையும் மூன்றாம் அடுக்கிலேயே கண்டோம். பிற்காலத்தில் பூட்டிய கைத்தொலைபேசி மின்னேற்றியும் மேலதிக விளக்கும் பியூஸ் இல்லாத மண்ணிற வயரிலிருந்தே மின்னெடுத்தன. 1955இன் டைனமோ தரக்கூடியது 19 அம்பியர். அதுவும் வேகமாக ஓடும்போது மட்டுமே. நெரிசலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. இணைப்பு தளர்ந்த இடத்தில் வயர் சூடாகி, வீட்டு வயரின் உறை உருகி, பருத்தி கருகியிருந்தது.

நாங்கள் செய்தது

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் 2022இல் எரிபொருள் வரிசைகளையும் கியூஆர் அட்டையையும் கண்டோம். 1960களின் கதை மறுபதிப்பாக வந்தது. பாவித்த கார்களின் விலை ஓர் ஓய்வூதிய ஆசிரியைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இந்த மைனரை ஓட வைப்பது நினைவுச் சின்னத்தைப் பேணும் காரியம் மட்டுமல்ல. அவருக்கு வேறு கார் இல்லை.

பாஸின் யோசனையை நண்பருக்கு விரிவாக எழுதினேன். வயர்க்கட்டு முழுவதும் புதிதாக, ஆனால் பழைய லூகாஸ் வர்ண ஒழுங்கிலேயே கட்டப்படும். நாளை எந்த மெக்கானிக்கும் வாசிக்கக்கூடிய மொழி அது. இரண்டு பியூஸுக்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனிப் பியூஸ். ஹெட்லைற்றுக்கு ரிலே, அதனால் பழைய சுவிட்ச் பாரம் சுமக்க வேண்டியதில்லை. டைனமோவின் இடத்தில் சிறிய ஜப்பானிய அல்ரநேற்றர். அது அதிக மின்னோட்டம் தருவதால் மண்ணிறப் பிரதான வயர் தடிமனாக்கப்பட வேண்டும். எர்த் எதிர்முனைக்கு மாற்றப்படும். அப்போது கொயிலின் இரு முனைகளையும் இடம் மாற்ற வேண்டும். பிளக்கின் நடுமுனை சூடானது, சூடான உலோகத்திலிருந்து இலத்திரன்கள் எளிதில் கிளம்பும் என்பதால் தீப்பொறியின் திசை முக்கியம். உப்புக் காற்று தின்ற எர்த் இணைப்புகள் ஒவ்வொன்றும் இரும்பு தெரியும்வரை சுரண்டிப் புதிதாகப் பூட்டப்படும். பொயின்ற்றின் இடத்தில், டிஸ்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இலத்திரனியற் துண்டு. காந்தமொன்று கடந்து செல்வதை உணர்ந்து அது மின்னோட்டத்தை அறுக்கும். தேய்வதற்கு அங்கே முனை இல்லை.

நண்பர் இரண்டு நாட்கள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். "அப்பாட கையால சுத்தின நாடாவெல்லாம் குப்பையில போகுதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. பத்திரிகையாளனுக்குத் தெரிந்த ஒரே மருந்தை நான் சொன்னேன். எல்லாவற்றையும் பதிவு செய்வோம். ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்தோம். எந்த வயர் எங்கிருந்து எங்கே சென்றது, எது எக்காலத்தது என்று சீட்டு எழுதிக் கட்டினோம். பாஸ் தன் நினைவிலிருந்தும் தந்தை சொன்னவற்றிலிருந்தும் விவரம் தந்தார். அந்தக் கட்டு இப்போது வெள்ளவத்தை வீட்டில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. இத்தகைய கராஜ்களின் வரலாற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. பாஸ்மார் ஒவ்வொருவராக மறையும்போது அது அவர்களோடு போகிறது. வாசகர்களில் எவருடைய வீட்டிலாவது பழைய கார் இருந்தால், வயரைக் கழற்றுமுன் ஒரு நாள் செலவழித்துப் படமெடுத்துக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாஸின் கேள்விக்கு என் விடை இதுதான். ஒக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள கவுலி தொழிற்சாலையில் கட்டிய பருத்தி வயர் மட்டும் ஒரிஜினல் அல்ல. தட்டுப்பாட்டுக் காலத்து வீட்டு வயரும், பஞ்சிகாவத்தைப் பிளாஸ்டிக்கும் அதே அளவு ஒரிஜினல். 1955க்குத் திரும்பச் செய்தால் நடுவில் இருந்தவர்கள் செய்த வேலை எல்லாம் நடக்காதது போலாகிவிடும். புகையும் வயரை மரியாதையின் பேரில் காரிலேயே விட்டுவைப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்கள் ஒவ்வொரு காலத்திலும் காரை ஓட வைக்கத்தான் அதைத் தொட்டார்கள்.

கடைசி நாள் பிற்பகலில் தங்கையும் வந்திருந்தார். இலத்திரனியல் முறையிலும் றோட்டர் தேவை. பழைய றோட்டரைப் பாஸ் உயர் மின்னழுத்தத்தில் சோதித்தார். அதன் பேக்கலைற் உடலில் மயிரிழை வெடிப்பு. தீப்பொறி அதன் வழியே கசிந்தது. புதியது ஒன்றைப் பூட்டினார். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் வழமைபோல் 'டிக் டிக்' என்றது. இரண்டாம் சுழற்சியிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

பழைய றோட்டரைத் தங்கை கைப்பையில் போட்டுக்கொண்டார். கழற்றிய பொயின்ற் தட்டையும் கொண்டென்சரையும் பாஸ் துடைத்து, அந்தத் தகரப் பெட்டிக்குள் வைத்து, டாஷ்போர்டின் சிறு அறைக்குள் தள்ளினார். பெட்டி பழுதானால் அரை மணித்தியாலத்தில் பழையதைப் பூட்டி வீடு போய்ச் சேரலாம், கொயில் வயர் இரண்டை மாற்றினால் போதும் என்று தங்கைக்குக் காட்டிக் கொடுத்தார். "நாடு திரும்பவும் எப்ப கதவு மூடும் எண்டு யாருக்குத் தெரியும், ஐயா?" என்றார் என்னிடம்.